தொடாத அப்பம்

பெரியவருக்கு முகம் மழித்து, சட்டைப் பொத்தானையும் போட்டுவிட்டேன். ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த போதகர், திருவிருந்து கொடுக்க வீட்டுக்கே வந்திருந்தார்.

அப்பத்தை நீட்டினார். பெரியவர் வாயை இறுக மூடிக்கொண்டார்.

"போன மாசமும் வேண்டாம்னுட்டீங்க. ஏங்க ஐயா?"

"என் தம்பியோட மனஸ்தாபம். முதல்ல சகோதரனோட ஒப்புரவாகு, அப்புறம் காணிக்கை கொண்டான்னுதானே வேதத்துல இருக்கு? எனக்கு மட்டும் இது எப்படித் தொண்டையில இறங்கும்?"

"என்ன தகராறு?"

"அம்மாவை அடக்கம் பண்ணின அன்னைக்கு, எல்லார் முன்னாலயும் அவனை அறைஞ்சிட்டேன். மன்னிப்புக் கேட்டு ஒன்பது கடிதம் போட்டேன். ஒண்ணைக்கூடப் பிரிக்காம திருப்பி அனுப்பிட்டான்."

"நெஞ்சழுத்தக்காரரா இருப்பார் போல."

"அவனை ஒண்ணும் சொல்லாதீங்க. தப்பு என்னோடது."

நான் சோப்புக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

போதகர் என்னிடம் கேட்டார். "அந்தத் தம்பி எங்க இருக்கார்? நான் போய்ப் பேசிப் பார்க்கிறேன்."

கிண்ணத்தை வைத்துவிட்டுப் பெரியவரின் காலடியில் உட்கார்ந்தேன்.

"அண்ணே, நான்தாண்ணே உங்க தம்பி. மன்னிச்சுட்டேண்ணே. சாப்பிடுங்க."

அவருக்கு ஞாபகம் தப்பிப்போனது தெரிந்து நான் ஓடி வந்து எட்டு மாதமாகிறது. தினமும் இதைத்தான் சொல்கிறேன்.

அண்ணன் என் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"உங்களுக்கு நல்ல மனசு, சார். ஆனா நீங்க சொன்னா ஆச்சா? அவன் சொல்லணுமே."