எல்லைக்கல்லுக்கு வழி

நான் நகராட்சி சர்வேயர். ஊர் நாலே தெருவாக இருந்தபோது வடக்கு எல்லைக்கல் குளக்கரையில் நின்றதாகப் பழைய வரைபடம் காட்டுகிறது. குளத்தைத் தூர்த்துப் பேருந்து நிலையம் கட்டி அறுபது வருடமாகிறது. கல்லை யாரும் பெயர்த்து நட்டதில்லை. ஆனால் வருடத்துக்கு நாற்பதடி வடக்கே தள்ளி நிற்கும். நான் புது இடத்தைக் குறிப்பேன். கமிஷனர் கையெழுத்துப் போடுவார்.

என் வீடு எல்லைக்கு வெளியே இருந்ததால் பதினொரு வருடமாக லாரித் தண்ணீர்தான். போன வருடம் கல் எங்கள் வாசற்படி வரை வந்துவிட்டது.

இன்று காலை மனைவி எழுப்பினாள்.

“என்னங்க, கல்லு கொல்லைக்குப் போயிடுச்சு. நல்லவேளை, கதவைத் திறந்தே வெச்சிருந்தேன். கூடமெல்லாம் குளத்துச் சேறு, தொடச்சிட்டேன். இனி நமக்குக் குழாய் குடுத்துடுவாங்கல்ல?”

“குடுக்காம எங்க போவாங்க?” என்றேன்.

குழாய்க்கு விண்ணப்பம் எழுதிவிட்டு டேப்போடு கொல்லைக்குப் போனேன். கல் மதிலை ஒட்டி நின்றது. பின்வீட்டுக்காரர் அதன் அகலத்துக்கு மதிலில் செங்கல்லைப் பெயர்த்துக்கொண்டிருந்தார்.

“எங்களுக்கும் தண்ணி வரணுமே சார். இந்த வழி போதுமா, பாருங்க.”

அளந்து பார்த்தேன்.

“இன்னும் ரெண்டு அங்குலம் எடுத்துடுங்க,” என்றேன். “வருஷா வருஷம் கொஞ்சம் சதை போடுது.”