துவைத்த முக்காடு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. ஒரு பெண் வாய் திறக்கும் கதை சொல்கிறேன்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் சோமாலிப் பெண்கள் சங்கத்தின் அடுக்களை. சன்னலில் மழை வெளிச்சம் சாம்பலாய்க் கிடக்கிறது. ஏலக்காய்த் தேநீர் கொதிக்க, சங்கத்தில் வேலை பார்க்கும் உபா அடுப்பைத் தணிக்கிறாள். சங்கத்தைத் தேடி வந்த ஷுக்ரி, நேற்றுப் பேருந்து நிறுத்தத்தில் எதிர்வீட்டுக்காரன் தன்னுடைய முக்காட்டை இழுத்து அதில் துப்பியதை இப்போதுதான் சொல்லி முடித்திருக்கிறாள். அவள் மடியில் அதே முக்காடு; சோப்பு மணக்கிறது. "துவைச்சுட்டீங்களா அக்கா? அந்த எச்சில்தானே சாட்சி!" என்கிறாள் உபா. "அதைத் தலையில போட்டுக்கிட்டா தொழுவேன்? போடி இவளே." "சரி, நீங்க சொன்னதே போதும். இங்கேருந்தே போலீசுக்குப் புகார் எழுதி அனுப்பிடறேன். உங்க பேரு போட வேண்டாம்." "பேரு போடாட்டி மட்டும்? அந்தத் தெருவுல முக்காடு போடுறவ நானும் என் மகளும்தான். போலீசு வந்துட்டுப் போயிடும். நாங்கதானே அவன் மூஞ்சில முழிக்கணும்?" தேநீரில் ஆடை படிகிறது. ஷுக்ரி முக்காட்டின் ஓரத்தை விரலில் இறுக்கிச் சுற்றுகிறாள், விரல்நுனி வெளுக்கிறது. "இன்னிக்குக் காலையில என் மக முக்காட்டைக் கழட்டிப் பையில வெச்சுக்கிட்டுத்தான் வாசல்படி இறங்கினா," என்கிறாள், யாரிடமோ சொல்வதுபோல. விரலில் சுற்றிய முக்காட்டை அவிழ்த்து மடியில் நீவி விடுகிறாள். "எழுதுடி. என் பேரையே போடு."

உங்கள் வீட்டுப் பெண்கள் போன வழியே அச்சமில்லாமல் வீடு திரும்பட்டும், கண்ணுகளா.