வட்டமிட்ட இரண்டு பெயர்கள்

அரபியில் ஓர் எழுத்துகூடத் தெரியாத டைப்பிஸ்ட் மரியசெல்வம், வளைகுடாவிலிருந்து வக்கீல் கையால் எழுதி வாட்ஸப்பில் அனுப்பிய மன்னிப்புக் கடிதத்தைப் பார்த்துப் பார்த்து, சிம்பல் பெட்டியிலிருந்து ஒவ்வோர் எழுத்தாகப் பொறுக்கி வேர்டில் வைத்துக்கொண்டிருந்தார். வைக்க வைக்க அவை வலமிருந்து இடமாக நகர்ந்து, ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டன. கரண்ட் போய் யுபிஎஸ் விட்டுவிட்டுக் கத்திக்கொண்டிருந்தது; இடைவெளி இல்லாமல் கத்தினால் அணையப்போகிறது என்று அர்த்தம்.

“அண்ணே, மூணு மணிக்குள்ள அனுப்பலேன்னா எங்க வீட்டுக்காரர் தலை தப்பாது” என்றாள் நிறைமதி. அவள் புருஷன் கையால் செத்தவனின் தாய் அங்கம்மாள், மன்னித்துவிட்டதாகக் கைநாட்டு வைப்பதற்காகப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். செத்தவன், கொன்றவன் என்று வக்கீல் வட்டம் போட்டுக் காட்டியிருந்த இரண்டு பெயர்களில் முதலாவது முடிந்தது.

“இதுல எது எம்மவன்?”

மரியசெல்வம் திரையைத் தொட்டுக் காட்டினார். அங்கம்மாள் குனிந்து, முகம் திரையில் இடிக்கிற அளவுக்குக் கிட்டத்தில் பார்த்தாள். அவர் அடுத்த வட்டத்துக்குப் போக மவுஸை நகர்த்தியதும் அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“அவன் பேர இப்ப வைக்காத தம்பி. எம்புள்ள கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும்.”

யுபிஎஸ் இடைவெளி இல்லாமல் கத்தத் தொடங்கியது.