விளக்கு அணையாத நகரம்

விளக்கு அணையவே இல்லை. அந்த நகரத்தில் இருட்டு என்ற ஒன்றை யாரும் பார்த்ததில்லை. கம்பிகளுக்குப் பின்னால் வரிசை வரிசையாக மனிதர்கள் உட்கார்ந்திருந்தார்கள். மணி அடித்தது, அத்தனை தலைகளும் ஒரே நேரத்தில் தீனித் தொட்டிக்குள் குனிந்தன.

குனிந்த தலைகள் குனிந்தபடியே நின்றன. சரவணமுத்துவின் பேனா அதற்குமேல் ஒரு வரி ஓட மாட்டேன் என்றது.

பத்திரிகை ஒன்று எண்பத்திரண்டாம் வருடத் தீபாவளி மலருக்கு விஞ்ஞானக் கதைப் போட்டி அறிவித்திருந்தது. இருபத்திரண்டாம் நூற்றாண்டில் நடக்கும் இந்தக் காட்சி, ஒருநாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவன் கண்முன் பளிச்சென்று வந்து நின்றது. காட்சி வந்ததே தவிர, கதை வந்தபாடில்லை. நாளைக்குத் தபாலில் சேர்க்காவிட்டால் அவ்வளவுதான்.

கதைக்குள் மின்சாரத்தை நிறுத்திப் பார்த்தான். இருட்டில் அத்தனை பேரும் ஒருவரையொருவர் ஒண்டிக்கொண்டு, மறுபடி விளக்கு வரக் காத்திருந்தார்கள். வேற்றுக் கிரகத்திலிருந்து ஒரு வீரனை இறக்கிப் பார்த்தான். அவனையும் உட்காரவைத்துத் தீனி போட்டுவிட்டார்கள். கிழித்த காகிதம் காலடியில் குவிந்ததுதான் மிச்சம்.

"ஏனுங் மாப்பிள்ளை, இன்னும் கதையேங்களா?" மாமனார் அப்புசாமி வாசலில் நின்றார். "எழுதுங்க, எழுதுங்க. பேனா தீந்தாச் சொல்லுங்க, டஜனா வாங்கிப் போட்டர்றேன். தீவன லாரி வந்திருக்குது. நீங்க ஒண்ணும் பண்ண வேண்டாம், சும்மா வந்து நின்னீங்கன்னாப் போதும்."

நாமக்கல் சுற்று வட்டாரத்தில் அப்புசாமியின் கோழிப்பண்ணையைத் தெரியாதவர்கள் இல்லை. ஒரே மகள் வசந்தாமணியைக் கட்டிக்கொடுத்த கையோடு, சேலத்தில் ஒரு கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இருந்த மாப்பிள்ளையை வேலையை விடச் சொல்லி வீட்டோடு வைத்துக்கொண்டார். வேளாவேளைக்குச் சோறு, வெளுத்த வேட்டி, கேட்பதற்கு முன்னால் எல்லாம். அவனுக்கென்று சொந்தமாக இருந்தது இந்தக் கதை ஒன்றுதான். பாழாய்ப்போன அதுவும் அவன் பேச்சைக் கேட்கவில்லை.

லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்தது. "மாமா, ஈரத் தரையில எறக்கறாங்களே, பூஞ்சை புடிச்சிருமுங்க" என்றான்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறனுங்க மாப்பிள்ளை. வெயில்ல நிக்காதீங்க, உள்ள போங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு உள்ளே வந்தால், வசந்தாமணி அவன் எழுதியதைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு இன்னும் எரிச்சல் ஏறியது. அப்பனுக்குத் தப்பாமல் பிறந்தவள். பச்சைத் தண்ணீர் குடிப்பதென்றாலும் அப்பாவைக் கேட்டுத்தான் குடிப்பாள். இவளுக்கு விஞ்ஞானம் என்ன புரியப்போகிறது?

"ஏனுங்க, இது நம்ம கோழிக் கொட்டாயிங்களா?"

"கொட்டாயும் இல்ல, கோழியும் இல்ல! இருவத்திரெண்டாம் நூற்றாண்டு!" எரிந்து விழுந்தான்.

"கோவிச்சுக்காதீங்க. அவங்க ஏன் வெளிய போக மாட்டேங்கறாங்க? கதவு பூட்டியிருக்குதுங்களா?"

"பூட்டே இல்ல. தொறந்துதான் கெடக்குது. வேளைக்குத் தீனி வருது, அப்பறம் எவன் அசைவான்? அதுதான் எனக்குத் தலவலி."

அவள் சிரிக்கவில்லை. "ஒருத்தன மட்டும் கெளப்பி உட்டா என்னுங்க?"

"உட்டுப் பாத்துட்டேன். எப்படி எழுதுனாலும் பொய்யாட்டத்தான் இருக்குது. போறதுக்கு அவனுக்கு ஒரு காரணம் வேணுமல்லோ!"

வசந்தாமணி காகிதத்தை மேஜைமேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். பெட்டியை இழுக்கிற சத்தம் கேட்டது. வெயில் கண்டால் போதும், சேலையைக் காயப்போடக் கிளம்பிவிடுவாள் என்று முணுமுணுத்துக்கொண்டே அவன் மறுபடி பேனாவைத் திறந்தான்.

ஒரு வரி எழுதுவதற்குள், பண்ணைப் பக்கமிருந்து மாமனாரின் குரல் வீடு அதிரக் கேட்டது.

"ஏம்புள்ள, உனக்குக் கிறுக்கா புடிச்சிருக்குது? எல்லாம் அந்தக் கதையால வந்த வென!"

சரவணமுத்துவுக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. போயும் போயும் கதையையும் கொண்டுபோய் அப்பனிடம் வைத்துவிட்டாள். இனி எழுதுவதற்கும் மாமனாரிடம் உத்தரவு வாங்க வேண்டியதுதான். எழுதியது அத்தனையையும் ஒன்றாகச் சேர்த்துக் கசக்கினான்.

நிழல் தட்டியது. அவள்தான். திட்டுவதற்குத் தயாராக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தான். கண்கள் சிவந்திருந்தன. ஒரு கையில் அவளுடைய தகரப்பெட்டி, இன்னொரு கையில் அவனுடைய செருப்பு.

"நான் பொறந்ததே இந்தக் கம்பிக்குள்ளதானுங்க. எந்திரிங்க, சேலம் பஸ் போயிரும்."