இரண்டாவது கன்ட்ரோலர்

என் புருஷன் அந்தப் பழைய வீடியோ கேமைத் தனியாகத்தான் ஆடுவார். இரண்டாவது கன்ட்ரோலர் பக்கத்து நாற்காலியில் சும்மா கிடக்கும். தேய்ந்துபோனது அதுதான்.

"சரியா அமுங்க மாட்டேங்குது, பாத்துக் குடு. பேக்டரியில சால்டர் வைக்கிறவதானே நீ" என்றார்.

"ரெண்டே பேரு இருக்கிற வீட்டுல இத யாரு ஆடித் தேச்சது?"

"போலீஸ் விசாரணையா? பழசுன்னா தேயத்தான் செய்யும்."

பொத்தான்களில் மெல்லிய நகக் கீறல்கள் இருந்தன. பேக்டரியில் சால்டர் சூடு பட்டுப் பட்டு என் விரல்களில் நகம் வளர்வதே இல்லை. பொத்தான்களுக்கு அடியில் இருந்த ரப்பர் குமிழ்களைப் பிடுங்கிக்கொண்டு வெறும் கூட்டைத் திருகி மூடிக் கொடுத்தேன். குமிழ் இல்லாமல் எந்தப் பொத்தானும் வேலை செய்யாது.

சாயங்காலம் குமிழ்களைக் கைக்குள் மூடியபடி அவர் பின்னால் நின்றேன். காலி நாற்காலியில் இரண்டாவது கன்ட்ரோலர் கிடக்க, திரையில் இரண்டாவது பொம்மையும் ஓடியது, குதித்தது, ஜெயித்தது. என்னிடம் ஒரு பேச்சில்கூடத் தோற்காத மனுஷர், தோற்றுவிட்டுச் சிரித்தார்.

என் கைக்குள் குமிழ்கள் ஒவ்வொன்றாக அமுங்கி எழுந்தன. முஷ்டியை இறுக்கினேன்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

"கைய இறுக்காதடி" என்றார். "அவளுக்கு வலிக்குதாம்."