பொருநை-1

ஒருமுறை அழுத்தினால் அந்த ஸ்லைடு வரும்.

சட்டென்று இருமுறை அழுத்தினால் வராது. தாண்டிப் போய்விடும்.

பேருந்தில் வரும்போதே கட்டைவிரலைப் பழக்கியிருந்தாள். இப்போது விரல் சொன்னபடி கேட்கவில்லை. ரிமோட்டின் மேல் வியர்த்துக்கொண்டிருந்தது.

எதிரே நிதிக்குழு. மூன்று பேர், மூன்று தண்ணீர் பாட்டில், ஒரு தட்டு முந்திரி.

இளம் புற்றுநோய் ஆய்வாளர்களுக்கு முதற்கட்ட நிதி கொடுக்கிறார்கள். ஆய்வைத் தொடங்கிப் பார்ப்பதற்கான பணம். தொடங்கிப் பார்த்ததில் என்ன கிடைத்தது என்று கேட்டுவிட்டுத்தான் கொடுப்பார்கள்.

கிடைக்காவிட்டால் இந்த மாதத்தோடு அவளுக்கு வேலை இல்லை.

நடுவில் தலைவர், டாக்டர் பூதலிங்கம்.

அவர் யார் என்பதை நிறுவனத்து வாசலில் உள்ள கல்வெட்டே சொல்லிவிடும். கல்லிடைக்குறிச்சிப் பக்கத்துப் பெண் ஒருத்தியின் வாய்ப்புற்றுக் கட்டியிலிருந்து, சாகாமல் பெருகிக்கொண்டே இருக்கும் செல்களை அவர் பிரித்தெடுத்தார். தாமிரபரணியின் பழைய பெயரில் பொருநை-1 என்று பெயரிட்டார். அந்தப் பெண்ணின் பெயர் கல்வெட்டில் இல்லை. அவர் பெயர் மூன்று இடத்தில் இருக்கிறது.

ஆண்டுதோறும் பொருநைக்குப் பிறந்தநாள் உண்டு. தலைவர் கேக் வெட்டுவார். வெள்ளிவிழாவுக்கு, செல்களை வளர்க்கும் இன்குபேட்டருக்கு மாலைகூடப் போட்டார்கள்.

இந்தக் கட்டடத்தில் எல்லோருடைய பட்டமும் பதவி உயர்வும் பொருநையில் விளைந்தவை. அவளுடைய ஆய்வும் அதில்தான்.

ஆய்விதழ்கள் செல்லின் அடையாளச் சோதனை கேட்கின்றன என்று வெளியூருக்கு ஒரு குப்பி பொருநை அனுப்பியிருந்தாள். ஆதார் நகல் கேட்டால் கொடுப்பதில்லையா, அதுபோலத்தான் நினைத்தாள்.

இன்று காலையில் முடிவு வந்தது.

வாய் இல்லை. கல்லிடைக்குறிச்சியும் இல்லை.

கருப்பைவாய். பல பத்தாண்டுகளுக்கு முன் அமெரிக்காவில் இறந்துபோன ஒரு பெண்ணின் செல்கள். உலகத்து ஆய்வகங்களிலெல்லாம் களையாக மண்டுபவை. என்றைக்கோ யாரோ கை தவறி ஒரு சொட்டு தெறித்திருக்கிறது. அந்தச் சொட்டு பொருநையைத் தின்றுவிட்டு அதன் கிண்ணத்தில் குடியேறிவிட்டது.

இத்தனை வருடம் கேக் வெட்டியது அந்த அமெரிக்கப் பெண்ணுக்குத்தான்.

கிளம்பும் அவசரத்தில் அதை ஒரு ஸ்லைடாகச் செருகினாள். செருகும்போது இருந்த தைரியம் பாதி வழியில் பேருந்தைவிட்டு இறங்கிவிட்டது.

இருமுறை அழுத்திவிடலாம். யாருக்குத் தெரியப்போகிறது.

"என்னம்மா, முழிக்க?" என்றார் தலைவர். பிறகு, வெளியிலிருந்து வந்திருந்த உறுப்பினர் பக்கம் திரும்பினார். "நம்ம பொருநை காட்டிக் குடுத்த மருந்துதான் சார். மேல வார்டுல ஒம்பது பேருக்கு ஏத்த ஆரம்பிச்சாச்சு."

அந்த வார்டைத் தாண்டித்தான் தினமும் ஆய்வகத்துக்குப் போகிறாள். வாய்ப்புற்று வந்து வாயைத் திறக்க முடியாதவர்கள். மூக்கில் குழாய். அவர்களில் ஒருவர் இன்று அவளைப் பார்த்துக் கும்பிட்டார். மருந்து கண்டுபிடிக்கிறவள் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஒருமுறை அழுத்தினாள்.

சோதனை முடிவு திரையில் விரிந்தது.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தாள். வெளியே போகச் சொல்வார்கள். சோதித்தவர்கள் குப்பியை மாற்றியிருப்பார்கள் என்பார்கள். அதற்குப் பதில்கூட வைத்திருந்தாள்.

யாரும் கத்தவில்லை.

பொருநையை வைத்தே துறைத் தலைவரான டாக்டர் ரெஜினா முந்திரியைக் கிளறினார். வெளி உறுப்பினர் தண்ணீர் பாட்டிலின் லேபிளைப் படித்தார்.

யாரும் ஆச்சரியப்படவும் இல்லை.

திரையில் வந்தது அந்த ஸ்லைடுதானா என்று திரும்பிப் பார்த்தாள். அதேதான்.

தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குரலில் கோபமே இல்லை. பெற்ற மகளிடம் பேசுவது போல் இருந்தது.

"வேற யார்ட்டயும் சொல்லலல்லா?"

"இல்ல சார்."

"நல்லது."

அதன்பிறகு கல்யாண வீடு போல் ஆகிவிட்டது. முழுத் தொகையும் கொடுப்பதாகச் சொன்னார்கள். அவள் கேட்காத ஓர் உதவியாளரையும் சேர்த்தார்கள். இப்படி நேர்மையான பிள்ளைகள்தான் அறிவியலுக்கு வேண்டும் என்றார் ரெஜினா. அந்த ஒரு ஸ்லைடை மட்டும் எடுத்துவிட்டு அனுப்பச் சொன்னார் வெளி உறுப்பினர். கோப்பு கனமாக இருக்கிறதாம்.

மேல் வார்டு, என்று இழுத்தாள்.

அதையெல்லாம் பார்க்க நெறிமுறைக் குழு இருக்கிறது என்றார்கள்.

அதற்கும் பூதலிங்கம்தான் தலைவர்.

வெளியே வந்தாள். உள்ளே போகும்போது இருந்த பயம் வேலையைப் பற்றியது. அது இப்போது இல்லை. இதற்கு என்ன பெயர் என்று தெரியவில்லை.

அடுத்து உள்ளே போகவேண்டிய இசக்கித்துரை எழுந்து நின்றான். பக்கத்து ஆய்வகத்துக்காரன். அவனுக்கும் பொருநைதான். சட்டையின் மேல் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான்.

"கிடைச்சிட்டாக்கா? ரொம்பக் கேட்டாங்களோ?"

கிடைத்துவிட்டது என்றாள். ஒரே ஒரு கேள்விதான் என்றாள்.

என்ன கேள்வி என்றான்.

உள்ளே மணி அடித்தது.

மூடிய கதவை ஒருமுறை பார்த்தாள். மடிக்கணினி கையில் அந்த ஸ்லைடோடு திறந்தபடியே இருந்தது.

திரையை அவன் பக்கம் திருப்பினாள்.