முதலில் இறங்குகிறவன்

“ஈரோ முதல்ல இறங்கிடணும், கடவுளே!”

பக்கத்து இருக்கைப் பெண் முணுமுணுத்தது காதில் விழுந்ததுமே ஆர்லனுக்குப் புரிந்துவிட்டது. இவளும் நம்ம கட்சிதான்! இல்லாவிட்டால் பைன் ஹார்பர் என்ற சின்ன லீக் ஐஸ் ஹாக்கி அணியின் காலைப் பயிற்சியைப் பார்க்க, இந்தக் குளிரில் யார் வந்து உட்காருவார்கள்?

ஆர்லன் ஸ்கூல் பஸ் டிரைவர். காலை டிரிப் முடிந்ததும் நேரே அரங்கத்துக்கு வந்திருந்தான். செல்போனில், ஆட்ட முடிவின் மேல் பந்தயம் கட்டும் கணிப்புச் சந்தை திறந்திருந்தது. ‘இன்று மாலை பைன் ஹார்பர் ஜெயிக்கும்’ என்ற பங்கின் விலை 41 சென்ட். ஜெயித்தால் பங்குக்கு ஒரு டாலர், தோற்றால் பூஜ்யம்.

காலைப் பயிற்சியில் எந்த கோல் கீப்பர் முதலில் ஐஸை விட்டு இறங்குகிறானோ, அவன்தான் மாலை ஆடுவான். ஹாக்கியில் அது எழுதாத சட்டம். அணியின் இரண்டு கீப்பர்களில் ஈரோ நின்றால் கொசுகூட வலைக்குள் நுழையாது. டஸ்டின் நின்றால் எருமையே நுழையும்.

பிப்ரவரியில் ஃபுளோரிடா கடற்கரை என்று மனைவி டார்லாவுக்குச் சத்தியம் செய்திருந்தான் ஆர்லன். கையில் இருந்தது எண்ணூறு டாலர். அது இன்றைக்கு இரட்டிப்பாக வேண்டும்.

“ரொம்ப நாளா வர்றீங்களா?” என்று கண்ணடித்தான்.

“இன்னிக்குத்தான் சார் முதல் தடவை. விடிகாலை நாலு மணிக்குக் கிளம்பி, பனியில வண்டி ஓட்டிட்டு வந்தேன்.”

“அடேயப்பா! அப்ப பெரிய கைதான் நீங்க.”

“கையா? அது உறைஞ்சுபோய் ரெண்டு மணி நேரமாச்சு!”

இருவரும் சிரித்தார்கள். அவள் மறுபடி கடிகாரத்தைப் பார்த்தாள். “பத்தரையைத் தாண்டிட்டா என் கதி அவ்வளவுதான் சார்.”

“பதறாதீங்கம்மா. ஈரோதான் இறங்குவான். மழையை முன்கூட்டியே சொல்ற என் முழங்கால் சொல்லுது.”

“உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்!”

ஐஸின் நடுவே ஈரோ ஒவ்வொருவன் ஹெல்மெட்டையும் தட்டிக்கொண்டு வந்தான். டஸ்டினைக் கட்டிப்பிடித்துத் தூக்கியே விட்டான்.

“பாருங்க, பையன் இன்னிக்கு என்ன வெறியில இருக்கான்!” என்றான் ஆர்லன்.

ஈரோ மட்டையை உயர்த்திக் காட்டிவிட்டு, முதல் ஆளாக இறங்கினான்.

ஆர்லன் பட்டனை அமுக்கினான். எண்ணூறும் உள்ளே! குட்டிச் சந்தை, அவன் வாங்கிய வேகத்திலேயே விலை 58-க்குத் தாவியது.

“ஜெயிச்சுட்டோம்மா!”

“ஜெயிச்சுட்டான் சார்!” அவள் கண்ணைத் துடைத்தபடி அவன் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.

பத்து நிமிடம் ஆர்லன் மனசுக்குள் கடல் அலை அடித்தது. பிறகு செல்போனைப் பார்த்தான். 58... 37... 19. வாங்க ஒரு ஆள் இல்லை.

“எந்த மடையன் இப்படிப் பங்கைக் கொண்டுவந்து கொட்டுறான்?” என்று அலறினான்.

ஈரத் தலையும் தோளில் மூட்டை போன்ற பையுமாகப் படியேறி ஓடிவந்தான் ஈரோ. பக்கத்து இருக்கைப் பெண்ணை அப்படியே கட்டிக்கொண்டான்.

“சீக்கிரம் வா அம்மா, ஃப்ளைட்டுக்கு நேரமாச்சு! சாயங்காலம் இங்க இல்ல, பெரிய லீக்ல ஆடப்போறேன்!”